காலைத் தாள் மட்டும்

மார்ச் 2

அன்புள்ள சுண்டெலி,

உட்கார்ந்துகொண்டுதானே படிக்கிறாய்? நின்றுகொண்டிருந்தால் முதலில் உட்கார். என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்! ஏப்ரல் பத்து, காலை ஒன்பதரை. உன் தேர்வாணைய அலுவலகக் கட்டடத்திலேயே, ஐந்தாவது மாடியில். நீ கீழே தூசியில் தும்மிக்கொண்டிருக்க, நான் மேலே ஐந்து பேருக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருப்பேன்.

கடிதம் வந்ததும் நான் பிரிக்கவில்லை. அண்ணிதான் உறையைக் கிழித்தார். "கூப்பிட்டாங்கன்னா வேலை குடுத்துட்டாங்களா?" என்றார். "இல்ல அண்ணி, கூப்பிட்டுப் பேசுவாங்க." "ஆறு வருஷமா எழுதினதெல்லாம் அவங்க படிக்கலியா? இப்ப பேசி வேற பாக்கணுமா?" அவருக்கு எப்படிப் புரியவைப்பது? முதல்நிலைத் தேர்வில் வாங்கும் மதிப்பெண் வெறும் வடிகட்டி, அது எதிலும் சேராது. முதன்மைத் தேர்வில் ஒன்பது தாள். அதற்குப் பிறகு இந்த ஐந்து பேர். மூன்று வாசல், மூன்று பூட்டு. சொல்லி முடிப்பதற்குள் அண்ணி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். ஆனால் சாயங்காலம் பக்கத்து வீட்டில் "எங்க வீட்டுப் பொண்ணு கலெக்டராகப் போறா" என்று அவர் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது.

எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். முப்பது முடிய நான்கு மாதம் இருக்கிறது. கொடுத்த நாலு வாய்ப்பும் இதோடு தீர்ந்தது. இது போனால் டுட்டோரியலில் பத்தாம் வகுப்புக்கு வரைபடம் வரைந்துகொண்டே கிழவியாக வேண்டியதுதான்.

உன் சாம்பல் நிறக் கோட்டு எனக்குப் பத்தாது என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். கைநீளம் குறைவாக இருந்தால் கையை மேசைக்கடியில் வைத்துக்கொள்கிறேன்.

உன்,
ஒட்டகம்


மார்ச் 7

என் ஒட்டகமே,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். வீட்டுக்காரர் "என்ன, அழுறியா சிரிக்கிறியா?" என்று கேட்டார். இரண்டும்தான். பஸ் டிப்போவில் அவருக்கு ஆட்குறைப்பு வந்த பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் நல்ல செய்தி உன்னுடையதுதான். கோட்டைத் தோய்த்து வைத்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதை யாருக்கும் காட்டாதே. அண்ணிக்கும்.

நேர்முகத்துக்குத் தேர்வானவர்கள் இதற்கு முன் எத்தனை முறை எழுதினார்கள் என்று பழைய வருகைத் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்த மாதம் எங்கள் பதிவறையின் வேலை. ஆளுக்கு நாற்பது பெயர். ஏணியில் ஏறித் தாள்கட்டை இறக்குவோம், நாடாவை அவிழ்ப்போம், தாளைப் புரட்டுவோம், பட்டியலில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். என் நாற்பதில் முப்பத்தோராவது பெயர் உன்னுடையது. பார்த்ததும் குதித்தேன்.

படிவத்தில் "இதற்கு முன் மூன்று முறை" என்று எழுதியிருக்கிறாய்.

அந்த முதல் வருடம் நினைவிருக்கிறதா? நாம் ஒன்றாக விண்ணப்பம் போட்டோம், அடுத்தடுத்த எண் வந்தது. காலைத் தாள் பாதி போகும்போதே உனக்கு நாள் வந்துவிட்டது. ஹாலில் நின்ற டீச்சரிடம் இரண்டு முறை கையைத் தூக்கினாய். "மணி அடிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மதியம் என் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நீ வீட்டுக்குப் போனாய். போகும்போது அழுதாய். நான்தான் சொன்னேன்: "விடுடி, விண்ணப்பம் போட்டுட்டு வராதவங்களுக்கே கணக்கில்ல. பாதி வந்தவளுக்கு எப்படிக் கணக்கு வரும்?"

கணக்கு வரும். இங்கே வந்த பிறகுதான் விதிப் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். முதல்நிலைத் தேர்வின் இரண்டு தாள்களில் ஏதேனும் ஒன்றில் அமர்ந்தாலே அது ஒரு முயற்சி. விண்ணப்பம் மட்டும் போட்டால் இல்லை. உட்கார்ந்தால் உண்டு.

அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் கொண்ட தாள். என் பெயருக்கு நேரே இரண்டு கையெழுத்து. அடுத்த வரியில் உன் பெயர். காலைக் கட்டத்தில் உன் கோணல் கையெழுத்து, மதியக் கட்டத்தில் சிவப்பு மையில் 'வரவில்லை'.

ஒட்டகமே, இது உனக்கு ஐந்தாவது முயற்சி. அனுமதி நாலு. மறைத்தது தெரிந்தால் தகுதியிழப்பு, இனி எந்த அரசுத் தேர்வும் எழுதத் தடை, வழக்கும் உண்டு. என் பட்டியலை மார்ச் இருபத்தைந்துக்குள் கொடுக்க வேண்டும்.

தப்பு என்னுடையது. நான் சொன்னதை நீ நம்பினாய்.

சுண்டெலி


மார்ச் 11

சுண்டெலி,

எத்தனை வருடமாக விதிமுறைகளைப் படித்திருக்கிறேன்! வயது வரம்பு எந்தத் தேதியில் கணக்கு, எந்தப் பட்டம் செல்லும், விருப்பப் பாடத்தை எப்போது மாற்றலாம், எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். டுட்டோரியலில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இந்த ஒரு வரியைக் கண் தாண்டிப் போயிருக்கிறது. தாண்டியிருக்காது. படித்திருப்பேன். நீ சொன்னதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. தெருவில் காக்கிச் சட்டை போட்ட தபால்காரரைப் பார்த்தால்கூடப் பக்கத்துச் சந்துக்குள் ஒதுங்கிவிடுகிறேன். நேற்று வகுப்பில் சாக்பீஸ் கையிலேயே ஒடிந்துவிட்டது. "மிஸ், உங்களுக்கு ஜுரமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

யார்டி இந்த விதியை எழுதினது? அவன் எந்தப் பெஞ்சிலாவது இரத்தத்தில் உட்கார்ந்துகொண்டு பரீட்சை எழுதியிருக்கிறானா? நான் அன்று பதில் எழுதவில்லை, எழுந்திருக்காமல் இருந்தேன். அதற்குப் பெயர் முயற்சியாம். கார் வைத்துக் கூட்டிவரும் வீட்டுப் பிள்ளை இந்த விதியை முதல் நாளே தெரிந்து வைத்திருப்பான், அவன் அப்பா சொல்லியிருப்பார். நமக்கு யார் இருந்தார்கள்? எனக்கு நீ, உனக்கு நான்.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். ஒரே ஒரு தாள். அத்தனை இலட்சம் தாளில் ஒன்று. அங்கே கரையான் இல்லையா, மழை ஒழுகாதா, எலி கொறிக்காதா? ஹாஸ்டலில் உனக்கு அந்தப் பெயரை வைத்ததே நான்தானே.

சிரிக்காதே. நானும் சிரித்துக்கொண்டு எழுதவில்லை. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஒட்டகம்


மார்ச் 15

அன்பு ஒட்டகத்துக்கு,

முடியாது.

இந்த ஒரு சொல்லை எழுத நான்கு நாள் ஆனது. கோபப்படு, திட்டு, ஆனால் நான் சொல்வதைக் கேள்.

எனக்குத் தகுதிகாண் பருவம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை என்னை வேலையிலிருந்து நிறுத்தக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் ஒருத்தி ஒரு விண்ணப்பத்தை வேறு கட்டில் செருகிவிட்டாள். அவ்வளவுதான், வேறெதுவும் செய்யவில்லை. மறுநாள் அவள் நாற்காலியில் வேறு ஆள். எங்கள் கண்காணிப்பாளர் காலையில் வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "இங்க மனுஷன் காணாமப் போகலாம்மா, காகிதம் காணாமப் போகக் கூடாது." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயம்.

அந்தத் தாளில் உன் பெயருக்கு மேலே என் பெயர் இருக்கிறது. தாள் இல்லை என்று யாராவது தேடத் தொடங்கினால் முதலில் கேட்பது, அதைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று. இரண்டாவது கேள்விக்கு அவசியமே இருக்காது. இங்கே வருவது என் ஒருத்தி சம்பளம்தான். அம்மா எட்டு மாதமாகக் கட்டிலை விட்டு எழவில்லை.

ஒரு வழி இருக்கிறது. நேர்முகத்துக்கு முன்பாக நீயே எழுதிக் கொடுத்தால் மறைத்ததாக ஆகாது, தவறுதலாக விட்டதாகத்தான் ஆகும். இந்த வருடத் தேர்வு போகும், ஆனால் வழக்கு வராது. வேறு தேர்வுகள் எழுதலாம். என்னைப் போலக் குமாஸ்தாவாகலாம். அது சாவு இல்லை. தினமும் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற ஒரு பிழைப்பு.

எழுதிக் கொடுத்துவிடு. நான் கெஞ்சுகிறேன்.

சுண்டெலி


மார்ச் 20

என் ஒட்டகமே,

எடுத்துவிட்டேன்.

நீ பதில் போடவில்லை. தினமும் தபால் பெட்டியைப் பார்த்தேன். உன் முகமே கண்ணில் நின்றது, அந்தச் சால்வையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறின முகம். நான் மதியத் தாளையும் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். உன்னோடு வரவில்லை. அது இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட எனக்கு உறுத்தவில்லை என்று நினைக்கும்போதுதான் உறுத்தியது.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு கட்டை இறக்கினேன். நாடா முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்தேன். தாளை நான்காக மடித்துச் சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில் வைத்தேன். மற்றப் பத்துப் பேரையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறேன். அவர்கள் யாரோ, எங்கே இருக்கிறார்களோ.

வாசலில் காவலுக்கு இருக்கும் அக்கா எப்போதும் டப்பாவைத் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். நேற்று திறக்கச் சொன்னார். மேல்தட்டைத் திறந்தேன். "என்ன, பாதி அப்படியே இருக்கு? இப்படித் தின்னாம இருந்தா காத்துல பறந்துருவ" என்றார். "வயிறு சரியில்லக்கா" என்றேன். பொய்யில்லை.

பட்டியலில் உன் பெயருக்கு நேரே 'மூன்று, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தாள் வீட்டில் இருக்கிறது. கிழிக்க இன்னும் கை வரவில்லை. இதைப் பற்றி இனி ஒரு வரிகூட எழுதாதே. நேர்முகத்துக்குப் படி.

சுண்டெலி


மார்ச் 20

அன்புச் சுண்டெலிக்கு,

பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். முதல் இரண்டு நாள் உன்மேல் கோபம். மூன்றாம் நாள் என்மேல். அதற்குப் பிறகு யார்மேலும் இல்லை.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பினேன். "முதல் வருடம் காலைத் தாளில் மட்டும் அமர்ந்தேன், அது ஒரு முயற்சியாகும் என்று அப்போது அறியேன், வருகைத் தாளில் என் கையொப்பம் இருக்கும், பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதினேன். தேர்வு மையம், அறை எண், என் பதிவெண் எல்லாம் விவரமாகக் கொடுத்திருக்கிறேன். உன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அண்ணியிடம் சொன்னேன். "உனக்குப் பைத்தியமா? யாரு கேட்டா உன்னை?" என்று கையிலிருந்த கரண்டியைத் தூக்கி எறிந்தார். என்மேல் இல்லை, சுவர்மேல். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போன அண்ணன் இன்னும் வரவில்லை.

ஆனாலும் இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். உன்னிடம் கேட்கக் கூடாததைக் கேட்டேன், நீ முடியாது என்றாய். நீ சரி என்று சொல்லியிருந்தால் வாழ்நாள் முழுக்க உன் முகத்தைப் பார்க்கப் பயந்திருப்பேன். இனி நீ நிம்மதியாக இரு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வருகிறேன், உன் அம்மாவைப் பார்க்க வேண்டும்.

உன்,
ஒட்டகம்


மார்ச் 23

சுண்டெலி, உன் கடிதம் இப்போதுதான் வந்தது. என்ன செய்துவிட்டாய், ஐயோ, என்ன செய்துவிட்டோம்.

தபால் நிலையத்துக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர் "மூணு நாள் ஆச்சேம்மா, இந்நேரம் அங்க கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பாங்க" என்றார். "திரும்ப வாங்க வழியே இல்லையா சார்?" என்றேன். "போட்டது போட்டதுதான். யாருக்காவது காதல் கடிதமா?" என்று சிரித்தார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தாளை வைத்துவிடு. இன்றே, இந்த நிமிடமே எடுத்த இடத்தில் வைத்துவிடு. பட்டியலில் கவனப் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் என் கடிதத்தைப் பிரிப்பதற்குள் வைத்துவிடு. கிழித்திருந்தால் அதையும் எழுது. எனக்கு எதுவும் தெரியாமல் இருக்கப் பயமாக இருக்கிறது.


மார்ச் 29

ஒட்டகத்துக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இருபத்தைந்தாம் தேதி கண்காணிப்பாளர் கூப்பிட்டார். மேசைமேல் உன் பதிவுத் தபால், பக்கத்தில் என் பட்டியல். "அந்த மையத்துக் கட்டை எடுத்துட்டு வாம்மா" என்றார். ஏணியில் ஏறினேன். எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவரே நாடாவை அவிழ்த்தார். அந்த அறைக்கு ஆறு தாள் இருக்க வேண்டும் என்று மேலட்டையில் எழுதியிருக்கிறது. எண்ணினார், ஐந்து. எச்சில் தொட்டு மறுபடி எண்ணினார், ஐந்து.

என்னைப் பார்த்தார். பிறகு கட்டை மூடி அவரே முடிச்சுப் போட்டார்.

"டிசம்பர்ல இந்த அறையில எல்லாக் காகிதமும் இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். நான் போட்டா இருக்கும். மே மாசம் நான் ரிட்டயர் ஆகறேன். ஆறு தாள் இருக்கு, இந்தப் பொண்ணு பேரு அதுல இல்ல. சரியாம்மா?"

"சரி சார்."

"அந்தப் பொண்ணுக்கு ஞாபகம் தப்பியிருக்கு. பரீட்சை, பரீட்சைன்னு படிச்சா அப்படித்தான்."

உனக்கு ஒரு கடிதம் வரும். பதிவேடுகளில் அப்படி எதுவும் இல்லை, நினைவுப் பிழையால் எழுதியதாகக் கூறித் திரும்பப் பெறுகிறீர்களா என்று கேட்டிருப்பார்கள். 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லை என்று நீ பிடிவாதம் பிடித்தால் விசாரணை வரும். அந்தத் தாளைத் தேடுவார்கள். என்னைத் தேட வேண்டியதே இல்லை, நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்போது தாளை வைக்கவும் முடியாது. அவர் தினமும் பூட்டைத் தானே பார்க்கிறார்.

உன் உண்மை எனக்குத் தூக்குக் கயிறு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. கையெழுத்துப் போடு.

சுண்டெலி


ஏப்ரல் 5

சுண்டெலிக்கு,

அந்தக் கடிதம் வந்தது. அதனோடு ஒரு படிவமும் இருந்தது. என் வேலை எளிதாகட்டும் என்று எல்லாவற்றையும் அவர்களே தட்டச்சு செய்திருந்தார்கள், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்டுவிட்டேன்.

உண்மையைச் சொன்னதற்கு என்னை மறதிக்காரி ஆக்கிவிட்டார்கள். பொய்யில் கையெழுத்துப் போட்டதும் நான் தகுதியானவள். ஆறு வருடம் நிர்வாக ஒழுக்கம் என்று ஒரு பாடத்தை மனப்பாடம் செய்தேன், தெரியுமா? நூறு மதிப்பெண்.

நேர்முகத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று யாராவது தோண்டுவார்கள், அது உனக்கு ஆபத்து என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், அந்தக் காரணம் கிடைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உனக்காகப் போவதுபோல எனக்காகப் போகிறேன்.

பத்தாம் தேதி உன் கட்டடத்துக்கு வருவேன். உன்னைத் தேட மாட்டேன். படிக்கட்டில் எதிரே வந்தாலும் சிரித்துவிடாதே. கோட்டு வேண்டாம்.

ஒட்டகம்


ஜூன் 16

அன்புள்ள தோழிக்கு,

முடிவு வந்ததைச் செய்தித்தாளில் பார்த்திருப்பாய். பயிற்சிக் கல்லூரிக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. தனி அறை, மேசை விளக்கு, சன்னலுக்கு வெளியே வெட்டி ஒழுங்கு செய்த புல்வெளி. காலையில் வரவேற்பறைக் காவலர் சல்யூட் அடித்துவிட்டு அதே கையால் தபாலை நீட்டுகிறார். ஒவ்வொரு முறையும் உறையின் ஓரத்தில் ஆணையத்தின் முத்திரை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

பக்கத்து அறைக்காரி நேற்றுச் சாப்பிடும்போது "உனக்கு இது எத்தனாவது அட்டெம்ப்ட்?" என்று சாதாரணமாகக் கேட்டாள். தண்ணீர் புரையேறிவிட்டது.

காவல்துறைச் சரிபார்ப்பு நடக்கிறது. எனக்குப் பழக்கமானவர்கள் பட்டியல் கேட்டார்கள். உன் நன்மைக்காகவே உன் பெயரை எழுதவில்லை. புரிந்துகொள்வாய்.

அந்தத் தாள் இன்னும் உன்னிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதையும் என் கடிதங்களையும் யார் மூலமாகவும் இல்லாமல் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். நாள் சொல். நம் இருவருக்கும் அதுதான் பாதுகாப்பு. உன்னை நம்பாமல் கேட்கவில்லை. ஆனால் உன் வீட்டில் நான்கு பேர் புழங்குகிறீர்கள்.

நீ செய்தது பெரிய உதவி. அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. தகுதிகாண் உத்தரவு தாமதமானால் சொல், இங்கே பாடம் எடுக்க வரும் ஒருவருக்கு உன் மேலதிகாரியைத் தெரியும். உன் வீட்டுக்காரருக்கும் ஏதாவது பார்க்கலாம். உனக்கு என்ன வேண்டும் என்று தயங்காமல் எழுது.

அன்புடன்,
உன் தோழி


ஜூன் 26

மதிப்புக்குரிய அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி படித்தேன். என்னை விலை கேட்கிறீர்கள் என்று புரிய இரண்டு நாள் ஆனது. புரிந்ததும் முதலில் வந்தது கோபம் இல்லை, பயம். விலை கேட்டவருக்கு, நான் சொல்லும் விலை கட்டுப்படியாகாவிட்டால் அவர் என்ன செய்வார் என்று தெரியாதே.

தகுதிகாண் உத்தரவு எட்டாம் தேதியே வந்துவிட்டது. சிபாரிசு இல்லாமல் வந்தது.

பழைய கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்திருப்பவருக்கு வயது முப்பத்திரண்டுதான். பதிவறையில் உள்ள ஒவ்வொரு கட்டையும் பிரித்து, மேலட்டையில் எழுதிய எண்ணிக்கையோடு தாள்களை எண்ண உத்தரவு போட்டிருக்கிறார். முதல் அடுக்கு முடிந்துவிட்டது. ஐந்து இருந்து ஆறு என்று எழுதியிருந்தால் மாட்டுவது நான் ஒருத்திதான். அதனால் செவ்வாய்க்கிழமை அந்தத் தாளை டப்பாவில் கொண்டுபோய் எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். மடிப்பு தெரியாமலிருக்க முந்தின நாள் துணிக்கடியில் போட்டு இஸ்திரி செய்தேன். இருந்தாலும் தெரிகிறது.

எனவே வாங்கிக்கொள்ள நீங்கள் வர வேண்டியதில்லை. என்னிடம் எதுவும் இல்லை. உங்கள் கடிதங்கள் எல்லாம் இதே உறையில் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையவற்றை நீங்கள் என்ன செய்தாலும் சரி.

அடுத்த வாரம் அந்தக் கட்டை எண்ணப்போவது நான் இல்லை. போன மாதம் சேர்ந்த ஒரு பெண். எண்ணுகிறவர்கள் பெயர்களைப் படிப்பதில்லை. ஆனால் இவள் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். நான் எதிர் மேசையில் இருந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று எழுதிய கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். கண்காணிப்பாளர் கட்டுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு, என் கண்ணைப் பார்த்து, "இந்தப் பொண்ணை உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "தெரியாது சார்" என்றேன். அப்போது அது பொய்யாக இருந்தது.

இப்படிக்கு,
இளநிலை உதவியாளர்,
பதிவறை